மார்கழி பத்தொன்பது

1

எங்கள் வீட்டில் எழிலிக்கு வருஷத்துக்கு இரண்டு பிறந்தநாள். டிசம்பர் பத்தொன்பது காகிதப் பிறந்தநாள். அன்றைக்குக் கேக், மெழுகுவர்த்தி, கூடப் படிக்கிற பிள்ளைகள், செருப்பைக் கழற்றாமல் ஹாலுக்குள் வந்து நிற்கிற அவர்களுடைய அம்மாக்கள். ஜனவரி மூன்று நட்சத்திரப் பிறந்தநாள். அன்றைக்குச் சேமியா பாயசம், சாமி படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு, அவ்வளவுதான். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே என்னைப் பிடித்துவிடுவீர்கள். நட்சத்திரப் பிறந்தநாள் என்றால் வருஷத்துக்கு வருஷம் தேதி மாற வேண்டும். எங்கள் வீட்டில் அது ஜனவரி மூன்றை விட்டு அசைந்ததே இல்லை. பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊரில் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்த வருஷம் ஜனவரி மூன்றாம் தேதி மத்தியானம் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தபோது எழிலி செல்போனை நீட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அவளுடைய கால்பந்து கிளப் ஈஸ்டர் விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போகிறது. அங்கே ஒரு கடலோர ஊரில் பதினேழு வயதுப் பெண்களுக்கான பன்னாட்டுப் போட்டி. பல நாட்டு கிளப்புகள் வரும், பெரிய அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்களும் நோட்டோடு வந்து உட்காருவார்கள் என்று ஒரு வருஷமாக இதே பேச்சுதான். கோச் அனுப்பிய பட்டியலில் பதினெட்டு பெயர் இருந்தது. எழிலியின் பெயர் இல்லை.

ஆட்டம் போதாது என்று கழித்திருந்தால் எனக்கும் மனசு ஆறியிருக்கும். ஒரு குறிப்பிட்ட வருஷத்தின் ஜனவரி ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மட்டும்தான் ஆடலாமாம். எழிலி அதற்கு முந்தின டிசம்பர் பத்தொன்பது. பதின்மூன்று நாள் மூத்தவள்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாயசத்தில் முந்திரி போட்டாச்சா என்று கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"நீ டிசம்பர்ல பொறக்கவே இல்லடி. ஜனவரி மூணுதான் நெசம். உங்க தாத்தா தேதிய மாத்திச் சொல்லிட்டாரு."

சொன்னதில் முதல் பாதி உண்மை. பாயசம் அடிப்பிடித்துவிட்டது.

2

நடந்தது இதுதான். நான் பாண்டிச்சேரி மூலக்குளத்தில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த புண்ணியத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கரும்பும் நெல்லும் பயிர் செய்கிற குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அதனால் தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய் வீடு இல்லை. மாமனார் வீட்டிலேயே இருந்தேன். வலி வந்து வண்டி வருவதற்குள் எழிலி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அஞ்சலையக்காதான் பிள்ளையைக் கையில் ஏந்தினார்.

நாலாம் நாள் மாமனார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பிறப்பைப் பதியக் கிளம்பினார். அவர் பெயர் ஏழுமலை. அந்த ஊர்ப்பக்கம் இன்றைக்கும் பஞ்சாயத்து ஆபீஸைக் கொம்யூன் என்றுதான் சொல்வார்கள். கொம்யூன் வாசலில் படிவம் எழுதித் தருகிற ஒருவர், பிள்ளை என்றைக்குப் பிறந்தது என்று கேட்டிருக்கிறார். விதைப்பு, அறுப்பு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் தமிழ் மாதத்தில் சொல்லியே பழகியவர் மாமனார். "மார்கழி பத்தொம்போது" என்றிருக்கிறார். மார்கழி என்றால் டிசம்பர்தானே, எல்லா ஊரிலும் அப்படித்தானே பேச்சு. எழுதுகிறவர் டிசம்பர் பத்தொன்பது என்று எழுதிவிட்டார். மார்கழியின் பின்பாதி ஜனவரியில் கிடக்கிறது என்பது இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே நான் பார்த்துவிட்டேன். மாமனாரிடம் காட்டினேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. "நாளைக்கே போயி மாத்திக்கினு வந்துர்றம்மா" என்றார். அன்று சாயங்காலம் பிரான்சிலிருந்து அப்பா போன் செய்தார். நான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. இங்கே எல்லாமே வருஷக் கணக்குதான், டிசம்பர் கடைசியில் பிறந்த பிள்ளையும் அந்த வருஷத்துப் பிள்ளைதான், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முன்னாலேயே போய்விடும், அப்படியே விடு, ஒரு வருஷம் லாபம் என்றார்.

மறுநாள் காலையில் மாமனார் வேட்டி மாற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தபோது நான் வாசலில் போய் நின்று, "வுட்டுடுங்க மாமா, இருந்துட்டுப் போவட்டும்" என்றேன். அவர் சைக்கிளைத் திரும்பச் சுவரில் சாய்த்தார். அது வரைக்கும் நடந்தது வாய் தவறிய கதை. அதற்குப் பிறகு நடந்தது என் பேராசை.

அப்போது என் கணவர் சென்னையில் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார். ஊருக்கு வந்து சான்றிதழைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். உங்க அப்பா பண்ண வேலை என்றேன். பொய் இல்லை, ஆனால் பாதி. பதினேழு வருஷமாக அந்தக் குடும்பத்தில் அது ஒரு கேலி. கல்யாணம், காதுகுத்து எதற்குத் தேதி குறித்தாலும், "அப்பாகிட்ட கேக்காதீங்க, ஒரு வருஷம் முன்னால சொல்லிடுவாரு" என்பார் என் கணவர். மாமனாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

3

ஒரு வருஷ லாபம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நாலு வயதில் இங்கே கூட்டி வந்தோம். வகுப்பில் இவள்தான் சின்னவள். மற்றப் பிள்ளைகள் பெயர் எழுதும்போது இவளுக்குப் பென்சில் நிற்காது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பெண் கொஞ்சம் மந்தம் என்பதை அவர்கள் பாஷையில் பட்டுத்துணியில் சுற்றிச் சொன்னார். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் திட்டினேன்.

எட்டு வயதில் கால்பந்து கிளப்பில் சேர்ந்தாள். அங்கேயும் வருஷக் கணக்குதான். எல்லாப் பெண்களும் இவளைவிட அரைத் தலை உயரம். தோளால் இடித்தால் இவள் விழுவாள், எழுந்து ஓடுவாள், மறுபடியும் விழுவாள். முழங்காலில் தோல் இருந்த நாளே இல்லை. பாதி ஆட்டம் பெஞ்சில். "நான் ஏம்மா வளரவே மாட்டேங்கிறேன்?" என்று பத்து வயதில் கேட்டாள். நம்ம வம்சமே குட்டை என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போனேன்.

பாயசம் அடிப்பிடித்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் கேண்டீனில் கேரட் துருவும்போது பதின்மூன்று, தட்டு அடுக்கும்போது பதின்மூன்று. திங்கட்கிழமை எங்கள் ஊர் நகராட்சிக்குப் போனேன். அதை இங்கே மேரி என்பார்கள். பாண்டிச்சேரி டவுனில் வயசான ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண், முதலில் பிறந்த ஊரில் திருத்துங்கள், பிறகு இங்கே வாருங்கள் என்றாள். மார்கழி என்றால் என்ன என்று கேட்டாள். டிசம்பர் நடுவில் ஆரம்பித்து ஜனவரி நடுவில் முடிகிற மாதம் என்றேன். அப்படி ஒரு மாதம் இருக்க முடியாது என்கிற மாதிரி சிரித்தாள். எங்களுக்கு இருக்கிறதம்மா, அதில்தான் இவ்வளவு வம்பும் என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன்.

கோச் நல்ல பெண். போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டாள். திருத்திய பிறப்புச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் மார்ச் முடிவதற்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், பாஸ்போர்ட் பிறகு மாறட்டும் என்று பதில் வந்தது. பிப்ரவரியில் பள்ளி விடுமுறை இரண்டு வாரம். என் கணவருக்குக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லை. நானும் எழிலியும் கிளம்பினோம். பெட்டியில் அவள் முதலில் வைத்தது பந்து.

4

விமானத்திலிருந்து இறங்கிக் காரில் வரும்போது மூலக்குளத்தில் நான் பிறந்த தெருவைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு தடவை சுற்றினேன். எல்லாம் கடையும் மாடியுமாக இருந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சரி விடுங்க, நேரே போங்க என்றேன். போகிற வழியில் டீக்கடையில் எழிலி, "எனக்கு ஒரு காபி பிடிக்கும்" என்றாள். பிரெஞ்சில் அப்படித்தான் மரியாதையாகக் கேட்பார்கள். கடைக்காரர், "புடிச்சா குடிச்சிக்கமா, யாரு வேணான்னா?" என்று சொல்லி ஒரு கிளாஸ் நீட்டினார்.

மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமியார் போய் நாலு வருஷம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார், அஞ்சலையக்கா வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. பேத்தியைப் பார்த்ததும் முதலில் கேட்டது, பந்து ஆடுவதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமாமே, அது எதுக்கு என்று. இங்கே விளையாட்டு அட்டைக்கு லிசான்ஸ் என்று பெயர். போனில் சொன்னதை அவர் வண்டி ஓட்டும் லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டுப் போட்டுக் காட்டணுமா என்று கேட்டார். எழிலி நடு ரோட்டில் பந்தைக் காலால் தள்ளி எட்டுப் போட்டுக் காட்டினாள்.

மறுநாள் காலையிலேயே நான் ஆதாரம் தேட ஆரம்பித்தேன். ஜாதகம் இருந்தது, ஆனால் ஆபீஸில் ஜாதகத்தைக் காட்டினால் சிரிப்பார்கள். அஞ்சலையக்கா எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்கிறேன் என்றார். காகிதமாக ஏதாவது வேண்டுமே என்று நான் நடையாய் நடந்துகொண்டிருந்தேன். மாமனார் பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அட்டையை உருவி என் கையில் கொடுத்தார். பிள்ளைக்குப் போட்ட முதல் தடுப்பூசியின் அட்டை. சுகாதார நிலைய முத்திரை, ஜனவரி நாலாம் தேதி, பக்கத்தில் பேனாவால் "வயது 1 நாள்" என்று எழுதியிருந்தது.

இதை எதுக்கு மாமா இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னிக்காவது மாத்தணும்னு வருவன்னு தெரியும்" என்றார். குத்திக் காட்டவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை. அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலங்களில் அறுத்து முடித்த வயலில் எழிலி பந்தோடு ஓடினாள். நெல்தாள் காலில் குத்த, அதற்கு நடுவில் பந்தை அடக்குவது நல்ல பயிற்சி என்றாள். மாமனார் வரப்பில் குந்திப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்:

"இதுல ஜெயிச்சா இன்னாம்மா குடுப்பாங்க?"

"இன்னொரு ஆட்டம் குடுப்பாங்க தாத்தா."

அது சரி என்று அவர் தலையாட்டினார். பயிர் செய்கிறவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

5

மாமனாரையும் எழிலியையும் கூட்டிக்கொண்டு கொம்யூனுக்குப் போனேன். வாசலுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடை. அன்றைக்குப் படிவம் எழுதிய பழைய ஆள் இப்போது இல்லை. முப்பது வயதுத் தம்பி ஒருவர், கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் டைப் செய்தார். அஞ்சு பேர் எங்களுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். பிறந்த தேதி, பதிந்த தேதி, தெரிவித்தவர் பெயர் எல்லாம் முடிந்து ஒரு இடத்தில் கையை நிறுத்தினார்.

"தப்பு எப்பத் தெரிஞ்சிதுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அன்னிக்கே தெரியும்னு எழுதுனா, தெரிஞ்சி ஏன் பதினேழு வருஷம் வரலன்னு கேப்பாங்க. கோர்ட்டுக்குப் போன்னுவாங்க. ஆறு மாசமாவது இழுக்கும். இப்பதான் தெரிஞ்சிதுன்னு போட்டுடலாம். பெரியவரு தெரியாம சொல்லிட்டாருன்னு ஒரு வரி. முடிஞ்சிது."

எழிலி என் பக்கத்தில்தான் இருந்தாள். காதில் பாட்டு, கையில் போன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுக் கால்பந்துக்குப் போன பெண். என்ன எழுதினாலும் அவள் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். மார்ச் மாதம் கண்ணுக்கு முன்னால் நின்றது. போடுங்க தம்பி என்றேன்.

காகிதம் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். தெரிவித்தவர் என்ற முறையில் மாமனாரும் போட வேண்டும். ஒரு விஷயத்தை நான் மறந்துபோயிருந்தேன். மாமனார் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். படித்தால் வாய்விட்டுத்தான் படிப்பார். அவருக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. பேப்பரானாலும் பத்திரிகையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும், அச்சடித்த எதுவும் அவர் வாய் வழியாகத்தான் உள்ளே போகும். காலையில் அவர் பேப்பர் படித்தால் அந்த வீட்டு வரிசைக்கே செய்தி.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தைக் கை நீளத்துக்கு எட்டிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"மேற்படி குழந்தையின் பிறந்த தேதியை... என் மாமனார் ஏழுமலை என்பவர்... தவறாகத் தெரிவித்துவிட்டார். இந்தத் தவறு எனக்கு... இப்போதுதான் தெரியவந்தது."

நான் தரையைப் பார்த்தேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்த சத்தம் பதினேழு வருஷம் கழித்து எனக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது, நான் நிமிரவே இல்லை. பிறகு பேனாவை வாங்கி, "எங்கப்பா போடணும்?" என்று கேட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். காத்திருந்தவர்களில் ஒருவர், வயசான காலத்தில் இப்படித்தான் பெருசுங்க எதையாவது பண்ணி வைக்கும் என்றார். மாமனார் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

எழிலி எப்போது காதிலிருந்து பாட்டைக் கழற்றினாளோ தெரியவில்லை. படிக்கத்தான் தெரியாது, கேட்டால் எல்லாம் புரியும். வீட்டுக்கு வருகிற வழியில் ஷேர் ஆட்டோவில் கேட்டாள்:

"தாத்தா, நீங்களா தப்பா சொன்னீங்க?"

"ஆமாம்மா, நான்தான். வாய் தவறிப் போச்சி."

எனக்கும் அவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோ சத்தத்தில் பேச முடியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

6

சான்றிதழ் நேரத்துக்கு வந்தது. பட்டியலில் பத்தொன்பதாவது பெயராக எழிலி ஏறினாள். பெற்றோரில் சிலர் கூட வரலாம் என்றார்கள். கேண்டீனில் லீவு கேட்டு நானும் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த மைதானத்தைச் சொல்ல வேண்டும். கடல் பக்கத்தில் நாலு ஆடுகளம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு நாட்டுப் பெண்கள், ஒவ்வொரு பாஷையில் கத்தல். எதிர்த்து ஆடியவர்கள் எல்லோரும் எழிலியின் வயது. முதல் ஆட்டத்தில் ஒருத்தி வந்து தோளால் இடித்தாள். எழிலி விழவில்லை. இடித்தவள் தள்ளாடினாள். எழிலி ஒரு நொடி நின்று தன் தோளையே பார்த்தாள். அப்புறம் ஓடினாள் பாருங்கள், வலது ஓரத்தில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கோல். தண்ணீர் குடிக்க வந்தபோது என்னிடம் சொன்னாள்: "அம்மா, எல்லாரும் என் உயரம்."

நான் சிரித்தேன். பிறகு அவள் முழங்கால் தழும்புகளைப் பார்த்தேன். ஒன்பது வருஷம் என் பிள்ளை விழுந்ததெல்லாம் என் கணக்கில் அல்லவா?

அது போதாதென்று இன்னொன்று. ஆட்டத்தில் ஒருத்தி பந்தைத் தப்பாகத் தட்டினாள். உடனே நாலைந்து பெண்கள் ஒரே குரலில் "தாத்தா!" என்று கத்தினார்கள். எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். அடுத்து ஒருத்தி வெற்றுக் கோலை விட்டுவிட்டாள். மறுபடியும் "தாத்தா!" தமிழ் ஒரு சொல் தெரியாத பெண்கள். பக்கத்திலிருந்த இன்னொரு அம்மா சிரித்துக்கொண்டே விளக்கினாள். தேதியை மாற்றிச் சொன்ன தாத்தாவின் கதையை எழிலி பஸ்ஸில் எல்லோருக்கும் சொன்னாளாம். அன்றிலிருந்து அணியில் யார் தப்புச் செய்தாலும் பெயர் தாத்தா. கோச் கூட, உங்கள் மாமனார் மட்டும் சரியாகச் சொல்லியிருந்தால் இந்தப் பெண் இந்நேரம் பெரிய அகாடமியில் இருந்திருப்பாள் என்று தமாஷாகச் சொன்னாள்.

பாகூர்ப் பக்கத்து வரப்பில் குந்தியிருக்கிற மனுஷரின் உறவுமுறை ஸ்பெயின் கடற்கரையில் தப்புக்குப் பேராகிவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை. மைதானத்தைச் சுற்றி நடந்தேன். எங்கே போனாலும் அந்தச் சொல் கேட்டது.

அன்று சாயங்காலம் கடற்கரைச் சுவரில் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழ், என் அப்பாவின் போன், சைக்கிள், உங்க அப்பா பண்ண வேலை என்று அவள் அப்பாவிடம் நான் சொன்னது, நட்சத்திரப் பிறந்தநாள், டைப்பிங் கடை. அவள் ஷூ கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள், அவிழ்த்தாள்.

"தாத்தாவுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சத்தமா படிச்சாரா?"

"ஆமா."

எழுந்து மற்றப் பெண்கள் இருந்த பக்கம் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஆட்டம். தோற்றால் வெளியே. தொடங்குவதற்கு முன்னால் பெண்கள் வட்டமாக நின்றபோது எழிலி ஏதோ சொன்னாள். பிரெஞ்சில், வேகமாக, எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஒருத்தி பந்தைக் கோட்டைத் தாண்டி விட்டாள்.

"அம்மா!" என்று கத்தினார்கள், பதினோரு பேரும்.

அன்று முழுக்க அம்மாதான். தப்பான பாஸ், அம்மா. ஆஃப்சைட், அம்மா. கோல்கீப்பர் பந்தை நழுவவிட்டாள், பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்து அம்மா. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, பக்கத்தில் இருந்தவள் கைக்குட்டை கொடுத்தாள். ஆட்டம் முடிந்து, நோட்டு வைத்திருந்த ஒருவர் எழிலியிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஒன்றும் வராமலும் போகலாம். பஸ்ஸில் எழிலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து, "தாத்தாகிட்ட நீ சொல்லணும்" என்றாள்.

7

சொல்லத்தான் பார்த்தேன். ஊருக்குத் திரும்பியதும் மாமனாருக்கு போன் போட்டேன். மாமா, அந்தக் காகிதத்தில் நான் எழுதினது என்று ஆரம்பித்ததுமே அவர், "அத்த வுடும்மா. பாப்பா எத்தினி கோல் போட்டா?" என்றார். இன்னொரு நாள் போட்டேன். கரும்பு வெட்டு ஆள் வந்திருக்கிறார்கள் என்று வைத்துவிட்டார். மூன்றாம் தடவை, சிக்னல் இல்லை என்று அவரே சொன்னார், தெளிவாகக் கேட்கிற குரலில். என் கணவரிடம் சொன்னேன். அப்புறம் அவரும் அப்பாவுக்கு போன் போட்டார். அவருக்கும் கோல் கணக்குதான் கிடைத்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேண்டீனில் தட்டுகளைத் தப்பான அலமாரியில் அடுக்குகிறேன். வீட்டில் ஏதாவது நான் மறந்தால் எழிலி தன் அறையிலிருந்தே "அம்மா!" என்று மைதானத்துக் குரலில் கத்துகிறாள். அவள் என்னோடு மறுபடியும் பேசுகிறாள் என்பதற்கு அது அடையாளம், அதனால் பொறுத்துக்கொள்கிறேன்.

போன வாரம்தான் இந்த யோசனை வந்தது. மாமனார் காது கொடுக்காவிட்டால் போகட்டும், கண் கொடுப்பார். இந்தப் பத்திரிகை மாதா மாதம் அவர் வீட்டுக்கு வருகிறது, சந்தா கட்டியதே நான்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பார், எப்படிப் படிப்பார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அஞ்சலையக்கா கேட்பார், எதிர் வீடு கேட்கும், தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் கேட்பார்கள். டைப்பிங் கடைத் தம்பிக்குச் சங்கடம் வந்தால் என்னை மன்னிக்கட்டும். ஆபீஸில் கேட்டால் கையெழுத்துப் போட்டவள் நான், நானே வந்து பதில் சொல்கிறேன்.

மாமா, இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் படித்த மாதிரியே, ஒவ்வொரு சொல்லாக, அந்த வரிசைக்கே கேட்கிற மாதிரி படியுங்கள்.

மேற்படி குழந்தையின் பிறந்த தேதியை என் மாமனார் ஏழுமலை என்பவர் சரியாகத்தான் தெரிவித்தார். தவறு எனக்கு அன்றைக்கே தெரியும்.